ஃபேன்ஸீன் என்பது சிற்றிதழா, வேறொன்றா? ரசிகர் இதழ்களின் வரலாறு குறித்து ஒரு கேள்வி

வாசல்படி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில், தாங்களே எழுதித் தாங்களே படியெடுத்து வெளியிட்ட இதழ்களைப் பற்றி அடுத்த மாதம் அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' முதலான நம் சிற்றிதழ்களை ஓரளவு படித்தவன் என்ற துணிவில் ஒப்புக்கொண்டேன். ஆனால் தேடத் தொடங்கியதும் ஃபேன்ஸீன், ஸீன் என்னும் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டன. ஒரு கட்டுரை இவற்றின் வரலாற்றை இலண்டன் பங்க் இசை இளைஞர்களிடமிருந்து தொடங்குகிறது. மற்றொன்று அமெரிக்காவின் அறிவியல் புனைகதை வாசகர்களிடமிருந்து தொடங்குகிறது. மூன்றாவது, சோவியத் நாட்டில் அரசின் தணிக்கைக்குத் தப்பி மறைவாகப் படியெடுத்துப் பரப்பிய சமிஸ்தாத் ஏடுகளையும் இதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறது.

இவற்றுள் எது தொடக்கம் என்பது என் முதல் கேள்வி. இவை நம் சிற்றிதழ்களைப் போன்றவைதாமா, அல்லது வேறு வகையா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி விடுதியில் நாங்கள் நால்வர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு படிதான். அது அறை அறையாகப் போய்வரும். கடைசி ஆறு பக்கங்களை வாசகர் கருத்துக்காக வெறுமையாக விட்டுவைப்போம். இதழ் திரும்பி வரும்போது நாங்கள் எழுதியதைவிட அந்த ஆறு பக்கங்களே படிக்கச் சுவையாக இருக்கும். அது சிற்றிதழ் அன்று என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை என்னவென்று சொல்வது என்பது இன்றுவரை தெரியவில்லை.

மைக்கறை

உங்கள் கடைசி ஆறு பக்கங்களிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபேன்ஸீன்கள் பிறந்தது வாசகர் கடிதப் பகுதியிலிருந்துதான்.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. அதில் வெளியான வாசகர் கடிதங்களின் கீழே எழுதியவரின் முழு முகவரியும் அச்சிடப்பட்டது. தன் ஊரில் இத்தகைய கதைகளைப் படிப்பவன் தான் ஒருவனே என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பதினாறு வயதுப் பையன், நூறு மைலுக்கு அப்பால் தன்னைப் போலவே இன்னொருவன் இருப்பதை அந்த முகவரியால் அறிந்துகொண்டான். ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு நேராக அவனுக்கே எழுதத் தொடங்கினான். இந்தக் கடிதத் தொடர்புகளிலிருந்து சங்கங்கள் தோன்றின. சங்கங்கள் தங்களுக்கென்று ஏடுகளை வெளியிட்டன. 1930 மே மாதத்தில் சிகாகோவைச் சேர்ந்த ஒரு கடிதத் தொடர்புச் சங்கம் வெளியிட்ட 'தி காமெட்' என்ற ஏட்டையே முதல் ஃபேன்ஸீன் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ரேமண்ட் பால்மர், எட்டு ஆண்டுகள் கழித்து அதே 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழுக்கே ஆசிரியரானார்.

பெயர் பிறகுதான் வந்தது. 1930-களில் இவற்றை ரசிகர் பத்திரிகை என்னும் பொருளில் 'ஃபேன்மேக்' என்றே அழைத்தார்கள். லூயி ரஸ்ஸல் ஷோவனே என்பவர் 1940 அக்டோபரில் தம்முடைய ஏட்டில் 'ஃபேன்ஸீன்' என்ற சொல்லை முன்மொழிந்தார். 'மேகஸீன்' என்பதன் வால்தான் 'ஸீன்'. ஆகையால் 'ஸைன்' என்று உச்சரிப்பது பிழை.

இதற்கு முன்பும் இத்தகைய ஏடுகள் இருந்தன என்று யாரேனும் சொன்னால் மறுக்க வேண்டாம். மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய அச்சுப்பொறிகள் அமெரிக்காவில் 1860-களின் இறுதியில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், பள்ளி வயதுச் சிறுவர்கள் அவற்றை வாங்கிச் சொந்த ஏடுகளை அச்சிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர்களுடைய தேசியச் சங்கம் 1876-இல் பிலடெல்பியாவில் அமைந்தது. பின்னாளில் திகில் கதைகளால் புகழ்பெற்ற எச்.பி. லவ்கிராஃப்ட் 1914-இல் அத்தகைய மற்றொரு சங்கத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே தம் சொந்த ஏட்டைத் தொடங்கினார். இந்த மரபு ரசிகர்களுக்கும் நேராகவே வந்து சேர்ந்தது. டொனால்ட் வோல்ஹெய்ம் 1937-இல் ரசிகர் இதழ்களுக்கென்று இதே முறையில் ஒரு சங்கத்தை அமைத்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஏட்டின் படிகளை ஓரிடத்துக்கு அனுப்புவார். அங்கே அவை கட்டுகளாகத் தொகுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் போய்ச் சேரும். அடுத்த கட்டில் ஒவ்வொருவரும் முந்தைய கட்டிலுள்ள மற்ற ஏடுகளுக்கு மறுமொழி எழுதியிருப்பார். ஐம்பது பேர் மாதக்கணக்கில் அஞ்சல் வழியாக உரையாடிய ஒரு திண்ணை என்று அதைச் சொல்லலாம்.

சிற்றிதழோடு உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 'எழுத்து' போன்ற இதழ் இலக்கியத்தின் போக்கையே மாற்ற வேண்டும் என்று வெளிவந்தது. அதற்குச் சந்தா உண்டு. தெரியாத வாசகரை நோக்கி அது பேசியது. பெரும்பாலான ஃபேன்ஸீன்களுக்குச் சந்தா ஒரு பொருட்டே அன்று. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'வழக்கமானது' என்று மட்டும் போட்டிருப்பார்கள். வந்த இதழைப் பற்றி ஒரு கடிதம், அல்லது நீங்கள் நடத்தும் இதழின் ஒரு படி, அல்லது ஒரு கட்டுரையோ ஓவியமோ: இவற்றில் ஒன்றை அனுப்பினால் அடுத்த இதழ் உங்களுக்கு வரும், ஒன்றுமே அனுப்பாதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்பது அதன் பொருள். மறுமொழிதான் விலை.

இந்த வட்டத்துக்குள்ளிருந்து பெரிய படைப்புகள் வந்ததும் உண்டு. கிளீவ்லாந்தில் பள்ளி மாணவராக இருந்த ஜெர்ரி சீகல் 1932-இல் ஓர் ஏடு நடத்தினார். 1933 ஜனவரியில் வந்த அதன் மூன்றாம் இதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதன்முதலாக அவருடைய கதையொன்றில் வந்தது. ஜோ ஷஸ்டர் படம் வரைந்தார். அந்தக் கதையில் சூப்பர்மேன் தீயவன். உலகம் அறிந்த சூப்பர்மேன் 1938-இல்தான் வந்தான். ஆனாலும் இத்தகைய புகழ்க்கதைகளை வைத்து ஃபேன்ஸீன்களை மதிப்பிடுவதை நான் விரும்புவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸின் வரலாறு. 1948-இல் அவர் 'ஸ்லாண்ட்' என்னும் இதழைத் தொடங்கினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக் கையாலேயே அச்சிடுவார். பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட ஜேம்ஸ் வைட் லினோலியத்தில் செதுக்கிப் படங்களை அமைப்பார். அந்த இதழையும் கடிதங்களையும் மட்டுமே அறிந்திருந்த அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, 1952-இல் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அவரைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். மறு ஆண்டு அதையே ஒரு நிலையான நிதியமாக ஆக்கி, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் ரசிகர்கள் பயணம் போய்வர வழி செய்தார்கள். முகம் பார்த்திராத ஒருவருக்காக இப்படிச் செய்யத் தூண்டிய இதழ்கள் எத்தகைய நெருக்கத்தை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஸ்டென்சில்தாள்

மைக்கறை அவர்கள் எழுதியதோடு, இவை எப்படிப் படியெடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சைக்ளோஸ்டைல் எடுத்தவன் நான். இந்த இதழ்களின் வரலாற்றைப் படித்தபோது என் மேசையையே அதில் கண்டேன். உங்கள் உரையைக் கேட்க வருபவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பகுதி உடனே விளங்கும்.

1930-களின் எளிய ஏடுகள் பல ஹெக்டோகிராஃப் முறையில் வந்தவை. தட்டில் ஊற்றி உறையவைத்த ஜெலட்டின் கூழின்மேல், ஊதாச் சாய மையால் எழுதிய மூலத்தாளை ஒட்டி எடுத்தால் எழுத்து கூழில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத்தாளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மை வெளிறிக்கொண்டே போகும். ஏறத்தாழ ஐம்பது படிகளுக்குமேல் படிக்கத் தக்கதாக வராது. ஆகவே ஐம்பது வாசகர் என்பது அந்த ஏடுகளுக்குக் கூழ் வகுத்துக் கொடுத்த எல்லை.

சைக்ளோஸ்டைல் அந்த எல்லையை நூற்றுக்கணக்கில் கொண்டுபோயிற்று. ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர் 1880-களில் உருவாக்கிய முறையின் வழிவந்த பொறிகள்தாம் நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்சங்கங்களிலும் இருந்தவை. அமெரிக்காவில் ஏ.பி. டிக் நிறுவனம் 'மிமியோகிராஃப்' என்ற பெயரில் விற்றதும் இதே கொள்கையில் இயங்கியதுதான். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றி, ரிப்பன் மேலே எழாதபடி அதன் நெம்புகோலைத் தள்ளிவிட்டுத் தட்ட வேண்டும்; எழுத்து மெழுகை வெட்டும். அழுத்தித் தட்டினால் 'ம' போன்ற எழுத்துகளின் உட்பகுதி கழன்று விழுந்து, படியில் கரும்புள்ளியாக விழும். பிழை நேர்ந்தால் திருத்துநீர் பூசி, ஊதி உலர்த்தி, அதன்மேல் மீண்டும் தட்ட வேண்டும். படம் வரைவது இன்னும் கடினம். எழுத்தாணி போன்ற ஊசியால் மெழுகைக் கீற வேண்டும், கை சற்று அழுந்தினால் தாளே கிழிந்துவிடும்.

ரசிகர் இதழ்களில் பட்டையான கறுப்பு நிரப்பல்கள் அரிதாகவும் மெல்லிய கோட்டோவியங்கள் மிகுதியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் மொரமொரப்பான, மை உறிஞ்சும் தாளையே தேர்ந்ததும் இதனால்தான். வழவழப்பான தாளாக இருந்தால் அடுத்த தாளின் முதுகில் மை ஒட்டிவிடும். ஒரு மாலை முழுவதும் நண்பர்கள் மேசையைச் சுற்றி நடந்தபடியே பக்கங்களை ஒழுங்காக அடுக்கிப் பின் அடித்ததை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தேர்தல் கால அறிக்கைகளுக்காக நாங்களும் அப்படியே நடந்திருக்கிறோம்.

வடகரை வாசகி

இதுவரை எழுதப்பட்டவற்றில் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஃபேன்ஸீன் வரலாற்றின் பெரும்பகுதியை நடத்தியவர்கள் அவர்களே.

'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் 1966-இல் தொடங்கிற்று. அதற்கென்றே வந்த முதல் ரசிகர் இதழான 'ஸ்போக்கனேலியா' 1967-இல் நியூயார்க்கில் வெளியானது. தேவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்னும் இருவர் அதன் ஆசிரியர்கள். தொடர் 1969-இல் நிறுத்தப்பட்டது. இதழ்கள் நிற்கவில்லை, தொடர் முடிந்த பிறகுதான் அவை பெருகின. திரையில் இனி வராத மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் கதைகளாக எழுதித் தொடர்ந்தார்கள். இன்று இணையத்தில் ரசிகர் புனைவு என்று அழைக்கப்படும் பெருங்கடலின் ஊற்று அந்தச் சைக்ளோஸ்டைல் தாள்களில் இருக்கிறது. 1973-இல் பாலா ஸ்மித் ஓர் இதழில், எல்லாத் திறமையும் ஒருசேர வாய்த்த ஓர் இளம்பெண்ணை நாயகியாக வைத்து மிகச் சிறிய பகடிக் கதை ஒன்றை எழுதினார். அந்தப் பாத்திரத்தின் பெயரான 'மேரி சூ' இன்றும் விமர்சனச் சொல்லாக வழங்குகிறது. தங்களுக்குள் எழுந்த எழுத்துப் பழக்கத்தைத் தாங்களே கவனித்து விமர்சிக்கும் அளவுக்கு அந்த வாசகிகள் தேர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

பங்க் இதழ்கள் பிறகு வந்தவை. ஆனால் அவைதாம் இன்று பலருடைய மனத்தில் 'ஸீன்' என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்திருக்கின்றன. இலண்டனில் வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' இதழைத் தொடங்கினார். கையால் எழுதிய தலைப்புகள், அடித்துத் திருத்திய வரிகள், ஜெராக்ஸ் எடுத்த தாள்கள், ஓரத்தில் ஒரு பின்: அவ்வளவுதான். சில பத்துப் படிகளில் தொடங்கிய இதழ் ஓராண்டுக்குள் பல ஆயிரம் படிகளை எட்டியது. எட்டியதும் 1977-இல் அவரே அதை நிறுத்திவிட்டார். நான் எழுதுவதைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள், நீங்களே உங்கள் இதழைத் தொடங்குங்கள் என்று வாசகர்களிடம் முன்பே சொல்லியிருந்தார், சொன்னபடி நடந்தது. மூன்று கிட்டார் சுரக்கட்டுகளை வரைந்து, இனி ஓர் இசைக்குழுவைத் தொடங்கு என்று சொல்லும் புகழ்பெற்ற படம் அவருடைய இதழில் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது 'சைட்பர்ன்ஸ்' என்ற வேறோர் இதழில் வந்தது. உங்கள் உரையில் அந்தப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானவை 1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் எழுந்த 'ரயட் கேர்ல்' இயக்கத்தின் இதழ்கள். பங்க் இசை அரங்குகளில் ஆண்களின் தள்ளுமுள்ளுக்கு அஞ்சிப் பின்வரிசையில் நின்ற பெண்கள், தாங்கள் கண்டதையும் தங்களுக்கு நேர்ந்த வன்முறையையும் எழுதிப் படியெடுத்துக் கைமாற்றினார்கள். டோபி வெய்ல் நடத்திய 'ஜிக்ஸா', ஆலிசன் உல்ஃப், மாலி நியூமன் இருவரும் நடத்திய 'கேர்ல் ஜெர்ம்ஸ்' போன்றவை அவற்றில் முன்னோடிகள். வேறெங்கும் சொல்ல முடியாத ஒன்றை ஒரு சிறுமி எழுதுவதும், எங்கோ இன்னொரு சிறுமி, எனக்கும் அப்படித்தான் என்று பதில் எழுதுவதும் அந்த இதழ்கள் வழியாக நிகழ்ந்தன. மைக்கறை அவர்கள் சொன்ன மறுமொழி என்னும் விலை இங்கே வேறோர் ஆழத்துக்குப் போய்விடுகிறது.

ஒருவர் இதழ் இன்னொருவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் மைக் கண்டர்லாய் என்பவர் 1982-இல், தமக்கு வரும் இதழ்களைப் பற்றி நண்பர்களுக்குத் தனித்தனியே எழுதுவதற்கு மாற்றாக, சுருக்கக் குறிப்புகளை முகவரியோடு 'ஃபேக்ட்ஷீட் ஃபைவ்' என்ற ஏடாக வெளியிட்டார். அது வளர்ந்து, ஒரே இதழில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளை அறிமுகப்படுத்தியது. காதல் தோல்வி, சமையல், கல்லறைகள், அலுவலக வேலையின் சலிப்பு என்று ஒரு மனிதர் எதைப் பற்றியெல்லாம் இதழ் நடத்தலாம் என்பதற்கு அதுவே அகராதி.

வாசல்படி

மூவருக்கும் நன்றி. அரை மணி நேரம் போதாது என்று இப்போது தெரிகிறது. சமிஸ்தாத் குறித்து மட்டும் எனக்குத் தயக்கம் நீடிக்கிறது. அதை இந்த உரையில் சேர்ப்பது முறையா?

அடுக்ககம்

நான் ஒரு நூலகத்தில் பணியாற்றுகிறேன். சமிஸ்தாத்தை ஃபேன்ஸீன் என்று அழைப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1968 ஏப்ரல் 30 நாளிட்டு மாஸ்கோவில் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' கைதுகளையும் வழக்குகளையும் சிறைநிலைகளையும் உணர்ச்சிச் சொற்கள் இல்லாமல் பதிவு செய்த ஏடு. அதன் முதல் ஆசிரியரான கவிஞர் நத்தால்யா கர்பனேவ்ஸ்கயா 1969 டிசம்பரில் கைது செய்யப்பட்டுப் பின்னர் மனநல மருத்துவச் சிறையில் அடைக்கப்பட்டார். அஞ்சல்தலை ஒட்டி இதழை நண்பனுக்கு அனுப்பியவனையும் இவரையும் ஒரே சொல்லுக்குள் வைத்தால், அவர் கொடுத்த விலை மறைந்துபோகும்.

ஆனாலும் ஓர் உறவு இருக்கிறது, அதைச் சொல்லலாம். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள்களை இடையிட்டு ஒரு முறைக்குச் சில படிகள் எடுப்பார்கள். பெற்றவர்கள் மீண்டும் தட்டச்சு செய்து மேலும் சில படிகள் ஆக்குவார்கள். தகவல் தர விரும்பும் வாசகர், தமக்கு ஏட்டைக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும்; அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார்; இவ்வாறு அது வந்த வழியே ஆசிரியரைச் சென்றடையும். சங்கிலி முழுவதையும் ஒருவரே அறிய முயல வேண்டாம் என்றும் அந்த ஏடே எச்சரித்தது. வாசகரே செய்தியாளராகும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

நீங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு மிக நெருங்கிய உறவினரை நான் ஜப்பானில் காண்கிறேன். 1885-இல் எழுத்தாளர் ஓசாகி கோயோவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'கரகுதா புன்கோ' முதலில் கையால் எழுதப்பட்டு உறுப்பினரிடையே சுற்றுக்கு விடப்பட்டதே. அச்சு பிறகு வந்தது. ஒத்த மனத்தோரின் இதழ் என்னும் பொருள் தரும் 'தோஜின்ஷி' மரபு அப்படி வளர்ந்தது. 1975 டிசம்பரில் தோக்கியோவில் முப்பத்திரண்டு குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கூடிய ஒரு சிறிய சந்தை, இன்று ஒவ்வொரு முறையும் பல லட்சம் பேர் வந்து போகும் காமிக்கெட் ஆகியிருக்கிறது.

கடைசியாக ஒரு தொழில்முறைக் குறிப்பு. ஸ்டென்சில்தாள் ஐயா சொன்ன ஹெக்டோகிராஃப் ஊதா மை ஒளி பட்டால் வெளிறிவிடும். மலிவான மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்துப் பொடியும். அதனால் இவ்வகைத் தொகுப்புகளை வைத்திருக்கும் நூலகங்களுக்குக் காலம் குறைவு. ரஸ்டி ஹெவலின் என்னும் ரசிகர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ பத்தாயிரம் ஃபேன்ஸீன்கள் அவருடைய மறைவுக்குப் பிறகு அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே அவற்றை மின்படியாக்கும் பணியை மேற்கொண்டார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரி நூலகம் பெண்களின் ஸீன்களுக்கென்றே ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. உங்கள் விடுதிப் பத்திரிகை யாரிடமாவது இருந்தால், ஒளி படாத உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பக்கங்களை ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டாம். அதன் பசை பத்தாண்டுகளில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும்.

வாசல்படி

எட்டு இதழ்களில் மூன்று, நால்வரில் ஒருவருடைய வீட்டுப் பரணில் இருப்பதாக நேற்றிரவு தொலைபேசியில் அறிந்தேன். ஒட்டுநாடா ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பிய்க்காமல் அப்படியே எடுத்து வரும்படி சொல்லிவிட்டேன். உரையை 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழின் முகவரிகளில் தொடங்கி, எங்கள் பத்திரிகையின் கடைசி ஆறு பக்கங்களை அவையில் சுற்றுக்கு விடலாம் என்று இருக்கிறேன். இரண்டாம் இதழில் அந்தப் பக்கங்கள் போதாமல், யாரோ ஒருவர் தேர்வுத் தாளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து எழுதியிருக்கிறாராம்.